சோளக்கொல்லையில் முளைத்த மலை



சென்ற மாதம் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, ஒரு வீட்டில் சிறு வழக்கொன்றைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு நம் தலைமேல் விழுந்தது. ஆறாம் வகுப்பில் படிக்கும் பேரன், தன் பாடநூலில் கண்ட எரிமலைப் படத்தைப் பாட்டியிடம் காட்டியிருக்கிறான். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை உற்றுநோக்கிவிட்டு, "இது நரகத்தின் வாசலடா. பாவம் மிகுந்த ஊரிலே ஆண்டவர் இதைத் திறந்துவிடுவார்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார். அன்றிரவு பையனுக்கு உறக்கம் போயிற்று. நம்மைக் கண்டதும் ஓடிவந்து, "சாமி, நம்ம ஊரிலே இது திறக்குமா?" என்று கேட்டான். "சாமியே சொல்லட்டும்" என்று பாட்டியும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே அமர்ந்துவிட்டார்.

அன்று திண்ணையில் அமர்ந்து நாம் சொன்ன பதிலை, எல்லாக் குடும்பங்களும் அறிந்துகொள்வது நலம் என எண்ணி இங்கே சற்று விரிவாகத் தருகிறோம்.

மெக்சிக்கோ நாட்டின் மேற்கே மிச்சோவக்கான் என்றொரு மாநிலம் உண்டு. அங்கே புரேப்பெச்சா என்னும் தொல்குடி மக்கள் வாழ்கின்றனர். மக்காச்சோளம் பயிரிடுவதும், காட்டில் பைன் மரங்களிலிருந்து பிசின் இறக்குவதும் அவர்களுடைய தொழில். அப்பகுதியில் பரிக்குத்தீன் என்பது ஒரு சிற்றூர். அதற்குச் சில கிலோமீட்டர் தொலைவில் சான் ஹுவான் பரங்கரிக்குத்திரோ என்னும் சற்றே பெரிய ஊர். அவ்வூர்க் கோவிலில் 'அற்புதங்களின் ஆண்டவர்' எனப் பெயர்பெற்ற சிலுவைச் சுரூபம் ஒன்றை மக்கள் பெரும் பக்தியோடு வணங்கிவந்தனர்.

1943ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் தொடங்கியதும் அங்கே நிலம் அடிக்கடி அதிரலாயிற்று. வானத்தில் ஒரு முகிலும் இல்லாத வேளையில், காலடியிலிருந்து இடியோசை எழுந்தது. பிப்ரவரி 20ஆம் நாள் பிற்பகலில், தியோனீசியோ பூலிதோ என்னும் உழவர் தம் கொல்லையை விதைப்புக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். ஏறத்தாழ நான்கு மணிக்கு, நிலத்தில் ஒரு பிளவு ஓடியிருப்பதைக் கண்டார். சிறிது நேரத்தில் மண் உப்பி ஓர் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிற்று. பிளவிலிருந்து சாம்பல் போன்ற பொடியும் புகையும் சீறிக்கொண்டு வெளிப்பட, கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது. அற்புதங்களின் ஆண்டவரைக் கூவியழைத்ததாகவும், மனைவியையும் உழவு மாடுகளையும் தேடி ஓடியதாகவும் அவரே பின்னர் ஆய்வாளர்களிடம் கூறியிருக்கிறார்.

மறுநாட் காலையில் அவர் திரும்பிவந்து பார்த்தபோது, கொல்லை நடுவே ஒரு பனையளவு உயரத்துக்குக் கற்குவியல் கூம்பாக நின்றது. ஒரு வாரத்தில் அது 100 மீட்டரைத் தாண்டிற்று. ஓராண்டில் 336 மீட்டரை எட்டிற்று. ஒன்பது ஆண்டுகள் கனன்றபின், 1952ஆம் ஆண்டு அடங்கிய வேளையில் அதன் உயரம், அவர் உழுத நிலத்திலிருந்து 424 மீட்டர். அதிலிருந்து வழிந்த குழம்பு ஏறத்தாழ 25 சதுர கிலோமீட்டர் நிலத்தை மூடிவிட்டது. ஒரு மலை பிறப்பதை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை மனிதர் அருகிருந்து கண்டு எழுதிவைக்கும் அரிய வாய்ப்பு இவ்வாறு கிடைத்தது.

நம் பாட்டியின் கேள்வி இங்கேதான் எழுகிறது: அந்த நெருப்பு எங்கிருந்து வந்தது?

பூமியின் உள்ளே எங்கும் தீக்கடல் ததும்பிக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுவர். அது சரியன்று. நாம் நிற்கும் மேலோட்டுக்குக் கீழே உள்ள பகுதி கடும் வெப்பமுடையதாயினும், பெரும்பாலும் திண்ணிய பாறையே. மேலிருந்து அழுத்தும் பாரம் அப்பாறையை உருகவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆகவே, பாறை உருக வேண்டுமானால், அந்தப் பாரம் குறைய வேண்டும். அல்லது ஆழத்திலிருந்து மிகுந்த வெப்பமுள்ள பாறை எழும்பி வர வேண்டும். அல்லது எளிதில் உருகச் செய்யும் பொருள் ஒன்று உள்ளே புக வேண்டும். பூமியின் மேலோடு பல பெருந்தட்டுகளாகப் பிரிந்து மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. தட்டுகள் விலகும் ஐஸ்லாந்து போன்ற இடங்களில் நிகழ்வது முதல் வகை. தட்டின் நடுவே துளைத்தெழும் ஹவாய்த் தீவுகளின் எரிமலைகள் இரண்டாம் வகை.

மெக்சிக்கோவில் நிகழ்வது மூன்றாம் வகை. அங்கே பசிபிக் பெருங்கடலின் அடியிலுள்ள கோக்கோஸ் தட்டு, வட அமெரிக்கத் தட்டுக்குக் கீழே சரிந்து செல்கிறது. அதன் வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். நம் விரல் நகம் வளரும் வேகத்தோடு ஒப்பிடத் தக்கது. கடலடியில் நெடுங்காலம் கிடந்த அத்தட்டின் கனிமங்களுக்குள் நீர் சிறைப்பட்டிருக்கிறது. ஆழம் செல்லச் செல்ல, வெப்பமும் அழுத்தமும் அந்நீரைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. அது மேலுள்ள சூடான பாறைக்குள் ஊறுகிறது. பொற்கொல்லர் பற்றவைக்கும்போது பொடி எளிதில் உருகி ஓட வெங்காரம் தூவுவதைக் கண்டிருப்பீர்கள். வெங்காரம் அங்கே ஆற்றும் பணியைப் போன்றதொரு பணியையே நீர் இங்கே ஆற்றுகிறது. அதுவரை உருகாதிருந்த பாறை அதனால் உருகத் தொடங்குகிறது. நெருப்பை அணைக்கும் நீரே, மண்ணின் ஆழத்தில் நெருப்புக் குழம்பை ஈன்றெடுக்கிறது என்பது வியப்பன்றோ!

உருகிய குழம்பு சுற்றியுள்ள பாறையைவிட இலேசானது. ஆதலால் அது மெல்ல மேலேறுகிறது. அதற்குள் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் கரைந்திருக்கின்றன. கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி இறுக்கமாக அடைத்திருக்கும் வரை புட்டிக்குள் நீர் அமைதியாகவே தோன்றும். கோலியை அழுத்தியதும், கரைந்திருந்த காற்று குமிழிகளாய்ப் பொங்கி நுரையைத் தள்ளிக்கொண்டு வெளியே பாயும். குழம்பு நிலமட்டத்தை நெருங்கும்போது அதன்மேல் உள்ள பாரம் குறைகிறது. கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாய் விரிகின்றன. குழம்பைத் துண்டு துண்டாகச் சிதறடித்து வானில் எறிகின்றன. அத்துண்டுகள் குளிர்ந்து கற்களாகவும் சாம்பலாகவும் விழுந்து குவிவதே பரிக்குத்தீன் போன்ற கூம்பு மலை.

எல்லா எரிமலைகளும் ஒரே குணமுடையவை அல்ல. வெல்லப்பாகு காய்ச்சும் தாய்மாருக்கு இது எளிதில் விளங்கும். இளம்பாகு தளதளவென ஓடும். அதில் எழும் குமிழிகள் உடனே வெடித்து அடங்கும். கெட்டிப்பாகிலோ குமிழி வெளியேற வழியின்றித் திணறி, திடீரெனத் தெறித்துக் கையைச் சுடும். சிலிக்கா என்னும் மணற்சத்து குறைந்த குழம்பு இளம்பாகைப் போன்றது. அது ஓடிப் பரவி, ஹவாயின் மௌனா லோவா போல அகன்று சரிந்த மலைகளை ஆக்குகிறது. மணற்சத்து மிகுந்த குழம்பு கெட்டிப்பாகைப் போன்றது. அது தன் வாயைத் தானே அடைத்துக்கொண்டு, பின்னர் பெருவெடிப்பாய் வெடிக்கிறது. அவ்வாறு வெடிக்கும்போது, கனன்ற சாம்பலும் வாயுவும் கலந்த முகில் ஒன்று மலைச்சரிவில் எந்த வாகனத்தாலும் முந்த இயலாத வேகத்தில் உருண்டு வரும். 1902ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாளன்று, மார்த்தினிக் தீவின் செயின்ட் பியேர் நகரை பெலே மலை சில நிமிடங்களில் எரித்து ஏறத்தாழ 28,000 உயிர்களைக் குடித்தது இவ்வகையிலேதான்.

பரிக்குத்தீன் குழம்போ மெல்ல நகர்ந்தது. அதனால் மக்களுக்கு அவகாசம் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகளிலும் குழம்பில் சிக்கி இறந்தவர் ஒருவரும் இலர். சாம்பல் முகிலில் தோன்றிய மின்னல் தாக்கி மூவர் மாண்டதே உயிரிழப்பு.

ஆயினும் அவகாசம் இருந்ததால் துயரம் குறைந்துவிட்டது என எண்ணிவிட வேண்டா. பரிக்குத்தீன் சிற்றூர் மக்கள் 1943ஆம் ஆண்டிலேயே தங்கள் ஊரை இழந்தனர். சான் ஹுவான் மக்களோ போக மனமின்றி ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். சாம்பல் வயலை மூடியது, மேய்ச்சல் அழிந்தது, கறுத்த குழம்பின் சுவர் நாளுக்கு நாள் ஊரை நெருங்கியது. முன்னோர் கல்லறைகளும், திருமுழுக்குப் பெற்ற கோவிலும், உழுத நிலமும் உள்ள ஊரை எவ்வாறு விட்டுப் போவது? இறுதியில் 1944ஆம் ஆண்டு மே மாதம், அற்புதங்களின் ஆண்டவரின் சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கி, தோளில் சுமந்து, பவனியாகவே ஊரைவிட்டு நடந்தனர். சில வாரங்களில் குழம்பு வீதிகளை நிரப்பிற்று. இன்று அங்கே, கரும்பாறைக் கடலின் நடுவே, கோவிலின் கோபுரமும் பீடப் பகுதியும் மட்டும் எஞ்சி நிற்கின்றன.

உருவாப்பன் நகருக்கு அருகில் அம்மக்கள் புதிய சான் ஹுவானை எழுப்பினர். அற்புதங்களின் ஆண்டவருக்கு அங்கே புதிய கோவில் கட்டினர். 1980களில் அவர்கள் தொடங்கிய காட்டுத் தொழில் கூட்டுறவு, மரத்தை அளவோடு வெட்டி, வெட்டிய இடத்தில் நட்டு, வருவாயைச் சமூகமாகப் பகிர்ந்துகொள்ளும் முறைக்குப் பல நாட்டினரும் எடுத்துக்காட்டும் முன்மாதிரியாயிற்று. ஆண்டவர் குழம்பைத் தடுத்து நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால், தோளில் ஏறித் தம் மக்களோடு நடந்து போனார் என்று அவர்கள் கூறுவார்களாயின், அதை மறுக்க நமக்கு வாய் எழாது.

இனி, அவகாசம் இருந்தும் புறப்படாத ஓர் ஊரைக் காண்போம்.

கொலம்பியா நாட்டில் நெவாதோ தெல் ரூயிஸ் என்னும் பனிமூடிய எரிமலை உண்டு. அதிலிருந்து இறங்கும் ஆற்றின் வாயிலில் அர்மேரோ என்னும் செழிப்பான நகர் இருந்தது. 1845ஆம் ஆண்டு அம்மலையிலிருந்து வந்த சேற்று வெள்ளம் அவ்விடத்தை மூடியிருந்தது. அச்சேறு உறைந்த மண்ணின்மீதுதான் பின்னர் நகர் எழுந்தது. 1985ஆம் ஆண்டு மலை மீண்டும் புகைந்தது. அறிஞர்கள் ஆராய்ந்து, ஆபத்துள்ள இடங்களைக் குறித்து அக்டோபரில் ஒரு வரைபடம் வெளியிட்டனர். அர்மேரோ அதில் தெளிவாகவே குறிக்கப்பட்டிருந்தது. நவம்பர் 13ஆம் நாள் பிற்பகலில் நகரின்மேல் சாம்பல் தூவிற்று. ஆனால், அமைதியாக வீட்டுக்குள் இருக்குமாறே மக்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. இரவு ஒன்பது மணியளவில் மலை வெடித்தது. வெடிப்பு பெரிதன்று. ஆனால், அதன் வெப்பம் உச்சியின் பனியை உருக்க, நீரும் சாம்பலும் கல்லும் கலந்த சேறு ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே இறங்கி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் கழித்து நகரைச் சேர்ந்தது. அன்று இறந்தவர் ஏறத்தாழ 23,000 பேர். இரண்டரை மணி நேரம்! அருகிலிருந்த மேட்டுக்கு நடந்தே ஏறிவிடலாம்.

இதைப் படித்தபோது நாம் ஏட்டை மூடிவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். காரணம் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு கடற்கரைப் பங்கில் நாம் பணியாற்றினோம். ஒருநாள் மாலை வானொலியில் புயல் எச்சரிக்கை வந்தது. கரையோரக் குடிசைகளில் இருந்த சிலர் நம்மிடம் வந்து, "சாமி, பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாமா?" என்று கேட்டனர். இத்தகைய அறிவிப்புகள் அவ்வாண்டு இருமுறை வந்து, ஒன்றும் நிகழாமலே போயிருந்தன. "ஜெபமாலை சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று நாம் அனுப்பிவிட்டோம். நள்ளிரவில் கடல் உள்ளே வந்தது. அப்போதுதான் கோவில் மணியை அடித்தோம். இறையருளால் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், ஒரு தாயின் கைமேல் சுவர் இடிந்து விழுந்தது. அந்தக் கை பின்னர் நிமிரவே இல்லை. நாம் அப்பங்கை விட்டு மாறிவரும் வரை, ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை வாங்க அத்தாய் நம் முன் வந்து நிற்பார். ஒரு சொல்லும் கடிந்து சொன்னதில்லை. அந்தக் கையை நாம் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்பது விசுவாசம். ஆண்டவர் தந்த கண்ணாலும் காதாலும் அறிவாலும் நாம் பார்க்க வேண்டியதைப் பாராமல், அவர்மேல் போட்டுவிடுவது சோம்பல். விசுவாசத்தின் சட்டையை அணிந்துகொண்டு சோம்பல் வரும்போது, அதை அடையாளம் காண்பது எளிதன்று. ஒலிபெருக்கியும் மணிக்கயிறும் கையில் உள்ள நம் போன்றோர் இதை முதலில் கற்க வேண்டும்.

வேறு விதமாக நடக்கவும் முடியும் என்பதற்கு பிலிப்பைன்ஸ் நாடு சாட்சி. அங்கே பினதூபோ என்னும் மலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. அது எரிமலை என்பதே அருகில் வாழ்ந்தோரில் பலருக்குத் தெரியாது. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் அதன் சரிவிலிருந்து நீராவி சீறியது. அங்கே ஆயித்தா பழங்குடியினரிடையே பணியாற்றிய அருட்சகோதரி ஒருவரும் அம்மக்களில் சிலரும், எரிமலை ஆய்வு நிலையத்துக்கே நேரில் சென்று அதைத் தெரிவித்தனர். அறிஞர்கள் உடனே வந்து நில அதிர்வுக் கருவிகளைப் பொருத்தினர். எரிமலையின் கொடுமைகளைக் காட்டும் படம் ஒன்று அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் திரையிடப்பட்டது. அதை எடுத்தவர்கள் கிராஃப்ட் என்னும் பிரெஞ்சு நாட்டுத் தம்பதியர். மோரீஸ், காட்யா என்னும் அவ்விருவரும், அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் ஜப்பானின் உன்சென் எரிமலையில் பணியின்போது உயிர்நீத்தனர். பன்னிரண்டு நாள் கழித்து, ஜூன் 15ஆம் நாள் பினதூபோ வெடித்தது. 20ஆம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளுள் அது ஒன்று. அந்நாளில் புயல் மழையும் சேர, நனைந்து கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். எனினும், பல்லாயிரவர் முன்னரே வெளியேற்றப்பட்டதால் ஆயிரக்கணக்கான உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஒருவர் கண்டார், நடந்துபோய்ச் சொன்னார், கேட்க வேண்டியவர்கள் கேட்டனர்.

எரிமலை அழிப்பது மட்டும்தானா? இல்லை. பூமியின் தொடக்க காலத்தில் அதன் காற்று மண்டலமும் கடல் நீரும் அமைந்ததில் எரிமலைகள் உமிழ்ந்த ஆவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பர் அறிஞர். சாம்பல் நாளடைவில் மக்கிச் செழிப்பான மண்ணாகிறது. ஜாவாவின் நெல்வயல்களும், எட்னா மலைச்சரிவின் திராட்சைத் தோட்டங்களும் அதற்குச் சான்று. நம் நாட்டின் தக்காணப் பீடபூமியில், ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து அடுக்கடுக்காகக் குழம்பு வழிந்தது. இன்றும் அக்கரும்பாறை ஏறத்தாழ 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கிறது. அஜந்தா, எல்லோராக் குகைகள் அதிலேதான் குடையப்பட்டன. மராட்டிய நாட்டின் கரிய பருத்தி மண் அது மக்கியதால் உண்டானது. இந்தியாவில் இன்றும் விழித்திருக்கும் எரிமலை, அந்தமான் கடலில் ஆளில்லாத பாரன் தீவில் உள்ளது. நெடுங்காலம் உறங்கிய அது 1991ஆம் ஆண்டு மீண்டும் கனலத் தொடங்கிற்று.

ஆகவே, "நம்ம ஊரிலே திறக்குமா?" என்று கேட்ட தம்பிக்கு நம் பதில் இது: நம் ஊர் தட்டுகள் மோதும் எல்லையில் இல்லை, நம் காலடியில் இருப்பது மிகத் தொன்மையான, உறுதியான பாறை. நீ அச்சமின்றி உறங்கலாம்.

பாட்டிக்கும் ஒரு பதில் உண்டு. எரிமலையை நரக வாயிலாக எண்ணியவர் அவர் மட்டும் அல்லர். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் அவ்வாறே எண்ணினர். ஆனால், அச்சத்தோடு நின்றுவிடாமல் அருகே சென்று பார்த்தவர்களுள் குருக்களும் இருந்தனர். அத்தனாசியுஸ் கிர்க்கர் என்னும் சேசு சபைக் குரு, 1638ஆம் ஆண்டு வெசூவியுஸ் மலையின் வாய்க்குள்ளேயே இறங்கி ஆராய்ந்தார். நில அதிர்ச்சியின் கடுமையை அளக்கும் மெர்க்கல்லி அளவுகோலை 1902ஆம் ஆண்டு வகுத்த ஜுசெப்பே மெர்க்கல்லியும் ஒரு குருவே. அவர் 1911 முதல் 1914இல் இறக்கும் வரை வெசூவியுஸ் ஆய்வு நிலையத்தின் இயக்குநராயிருந்தார். சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெண்மர் மாண்டபோது, அவர்கள் மற்றவரினும் பெரும் பாவிகளா என்னும் எண்ணத்தை நம் ஆண்டவரே மறுத்துரைத்ததை நற்செய்தியில் காண்கிறோம். இடிந்தது அவர்களுடைய பாவத்தால் அன்று. அர்மேரோவின் குழந்தைகளும் எவர் பாவத்துக்காகவும் இறக்கவில்லை. சொன்ன சொல் கேட்கப்படாததால் இறந்தனர்.

இவ்வளவையும் கேட்ட பாட்டி சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அந்தச் சனங்க சாமியைத் தூக்கிக்கிட்டுத்தானே போனாங்க?" என்று கேட்டார். ஆம் என்றோம். "அப்போ சரி" என்றார்.

பெற்றோரே, இம்மாதம் ஒருநாள் இரவு ஜெபமாலைக்குப் பின், பிள்ளைகளோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். வெள்ளமோ புயலோ தீயோ வந்தால் எந்த மேட்டுக்குப் போவது, நடக்க முடியாத பெரியவரை யார் தூக்குவது, அண்டை வீட்டாருக்கு யார் சொல்வது என்று முடிவு செய்து வையுங்கள். எச்சரிக்கை வந்து, ஒன்றும் நிகழாமல் போனால், வீண் அலைச்சல் என்று முணுமுணுக்க வேண்டா. நன்றி கூறித் திரும்பி வாருங்கள். நம் கோவில் மணியும் இனி நள்ளிரவு வரை காத்திராது என்று உறுதி கூறுகிறோம்.